ஈயோட நரம்புக்கும் கவாத்து உண்டு

1/ "பழ ஈயோட நரம்பை ஆராய எதுக்கு வரிப்பணம்?"னு பலர் கேக்குறாங்க. கூடலூர்ல நோயாளிகளைப் பார்க்குற டாக்டரா என் பதில்: அவசியம் செலவு பண்ணணும். ஏன்னு சொல்றேன்.

2/ எங்க ஊர் தேயிலைக்கு சில வருஷத்துக்கு ஒருமுறை கவாத்து வெட்டுவாங்க. செடி மொட்டையா நிக்கும். ஆனா தண்டும் வேரும் பத்திரம். அப்புறம் புதுசா துளிர்க்கும்.

3/ பழ ஈக்கும் இது நடக்குது. புழு கூட்டுப்புழுவா மாறும்போது, எக்டைசோன் ஹார்மோன் உத்தரவு கொடுக்க, தோலுக்கடியில உள்ள சில உணர்வு நரம்பு செல்கள் டென்ட்ரைட்ங்கிற பழைய கிளைகளை உதிர்த்துடும். சுமார் 18 மணி நேரத்துல வேலை முடிஞ்சிடும். சேதி கொண்டுபோற ஆக்ஸான் மட்டும் அப்படியே இருக்கும்.

4/ ஒரே செல். எதை வெட்டணும், எதை விடணும்னு எப்படித் தெரியுது? ஒரு முக்கியமான துப்பு மைக்ரோடியூபூல். செல்லுக்குத் தூணும் அதுதான், சரக்குப் பாதையும் அதுதான். அதோட வேகமா வளரும் முனை ஆக்ஸான்ல வெளிப்பக்கம் பார்த்திருக்கும். ஈயோட டென்ட்ரைட்ல பெரும்பாலும் செல் உடலைப் பார்த்திருக்கும். கிளை அறுபடும் முன்னாடியே அங்க இந்தக் குழாய்கள் உடைஞ்சிடுது.

5/ சிங்கப்பூர் டெமாசெக் ஆய்வகத்துல ஃபெங்வெய் யூ குழு 2019ல காட்டினது: பேட்ரோனின்ங்கிற புரதம் இல்லன்னா டென்ட்ரைட் குழாய்களோட திசை குழம்புது. கவாத்தும் சரியா நடக்கல.

6/ நமக்கென்ன? இதே குழாய்கள் நம்ம நரம்பிலும் இருக்கு. நித்யகல்யாணியில இருந்து வந்த வின்கிறிஸ்டின் இதைச் சேரவிடாது. பேக்ளிடாக்சல் இதைக் கலையவிடாது. புற்றுசெல் பிரிய முடியாம சாகும். கூடவே நரம்பும் அடிவாங்கும், நீளமான நரம்பு முதல்ல. அதான் கால்விரல் மரத்துப்போறது.

7/ செருப்பு கழண்டதுகூடத் தெரியாத காலோட சரிவுல கொழுந்து பறிக்கிறதை நினைச்சுப் பாருங்க. இதை முன்கூட்டியே தடுக்க உறுதியான மருந்து இன்னைக்கும் இல்லை.

8/ ஈ ஆராய்ச்சி நாளைக்கே மாத்திரை தந்துடாது. ஆனா நரம்புக்கிளை எப்போ உடையும், எப்போ தாங்கும்னு புரியாம அந்த மாத்திரையை எங்கே தேடுறது? வேரைப் பார்க்காம கொழுந்தை மட்டும் கேக்குற கதைதான்.

9/ கீமோ எடுக்குறவங்களுக்கு ஒரு வார்த்தை: மரத்துப்போனாலோ எரிஞ்சாலோ மறைக்காம உங்க டாக்டர்கிட்ட உடனே சொல்லுங்க. மருந்தளவை மாத்த வழி இருக்கு. நீங்களா மட்டும் நிறுத்திடாதீங்க.