தள்ளி வைக்க நாம் யார், கட்டிய மனைவியா?

நம் ராயபுரம், திருவொற்றியூர்ப் பெரியவர்களுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஆங்கிலத்தில் கடிதம் வருகிறது: உங்கள் கிளெய்மை 'ரெப்யூடியேட்' செய்கிறோம். பலர் அர்த்தம் புரியாமலே பயந்து, அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள்.

பிரெஞ்சு மீடியத்தில் படித்த எனக்கு அந்தச் சொல் பழக்கம். பிரெஞ்சில் அதற்கு முதல் பொருளே, புருஷன் பெண்டாட்டியைத் தள்ளி வைப்பது. லத்தீன் வேரும் அதுதான். பிரீமியம் கட்டியவரிடம் பேசுகிற பேச்சா இது?

'பணம் தர மறுக்கிறோம்' என்று தமிழில் எழுதினால் என்ன குறைந்துவிடும்? ஒன்று குறையும். 'ஏன்?' என்று நாம் உடனே கேட்போமே, அந்த நிம்மதி குறையும்!

கேட்க வேண்டும். பாலிசியின் எந்த விதிப்படி மறுத்தார்கள் என்று கம்பெனி தெரிவித்தே ஆக வேண்டும். முதலில் கம்பெனிக்கே புகார் எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால், ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

அந்தச் சொல் தீர்ப்பு அல்ல, எதிர்க்கட்சியின் வாதம். அவ்வளவுதான்.