36 வினாடிப் படம்: ஏழு ஆண்டு ஏக்கம்!

2018-ம் ஆண்டு ஜூன் மாதம் 10-ந் தேதி. அமெரிக்காவில் உள்ள லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு விழா நடந்தது. கம்ப்யூட்டர் விளையாட்டுகளை உருவாக்கும் "பெதஸ்டா" என்ற கம்பெனி, தன் புதிய விளையாட்டுகளை மேடையில் காட்டியது. விழா முடியும் நேரத்தில் திரையில் ஒரு சிறு படம் ஓடியது.

மலைகள் தெரிந்தன. தூரத்தில் கடற்கரை தெரிந்தது. மனித உருவம் ஒன்று கூட இல்லை. பிறகு ஒரு பெயர் தோன்றியது: "எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6". 36 வினாடியில் எல்லாம் முடிந்துவிட்டது. கூட்டம் ஆரவாரம் செய்தது.

அன்று தொடங்கிய காத்திருப்பு 2025-ம் ஆண்டு முடியும்போதும் முடியவில்லை. விளையாட்டு வரவில்லை. ஆனால் அதைப் பற்றிய ஊகங்கள் மட்டும் மலை மலையாக வந்து குவிந்துவிட்டன!

அது என்ன விளையாட்டு?

இது பந்து விளையாட்டு அல்ல, சீட்டாட்டமும் அல்ல. கதைக்குள் புகுந்து ஆடும் விளையாட்டு. ஆடுகிறவர்தான் கதாநாயகன். வாள் எடுக்கலாம், மந்திரம் கற்கலாம், குகைக்குள் போகலாம். போக மனம் இல்லையா? காட்டில் பூப்பறித்துக் கொண்டும் திரியலாம். ஏன் என்று கேட்க ஆள் இல்லை.

கதை நடக்கும் கண்டத்தின் பெயர் "டாம்ரியல்". இது கற்பனைக் கண்டம். அதில் பல நாடுகள், பல இனங்கள். முதல் விளையாட்டு 1994-ல் வந்தது. இரண்டாவது 1996-ல் வந்தது. மூன்றாவது 2002-ல், நான்காவது 2006-ல். ஐந்தாவது, "ஸ்கைரிம்". அது 2011-ம் ஆண்டு நவம்பர் 11-ந் தேதி வெளிவந்தது.

ஸ்கைரிம் 6 கோடிக்கு மேல் விற்றது என்று கம்பெனியின் தலைமை இயக்குநர் டாட் ஹோவர்ட் 2023-ல் கூறினார். அது வந்த ஆண்டில் பள்ளிக்கூடம் போன பையன், இன்று வேலைக்குப் போகிறான். அடுத்த பாகம் மட்டும் வந்தபாடு இல்லை.

கீறலில் தெரிந்த நாடு

அடுத்த கதை எந்த நாட்டில் நடக்கும்? ரசிகர்களின் முதல் கேள்வி இதுதான்.

"ஹாமர்ஃபெல்" என்கிறார்கள் பலர். அது பாலைவனமும் கடற்கரையும் கொண்ட நாடு. வாள் வீரர்களின் நாடு. "இல்லை, ஹைராக்" என்கிறார்கள் சிலர். அது மந்திரவாதிகள் நிறைந்த நாடு. 36 வினாடிப் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, மலையின் நிறத்தையும் கரையின் வளைவையும் வைத்து வாதம் செய்கிறார்கள்.

2021-ல் இதே கம்பெனி "ஸ்டார்ஃபீல்ட்" என்ற வேறு விளையாட்டின் படத்தைக் காட்டியது. அது விண்வெளிக் கதை. அதில் ஓர் இயந்திரத்தின் மேல் சில கீறல்கள் இருந்தன. "பார்த்தீர்களா? இது ஹாமர்ஃபெல் நாட்டின் வரைபடம்!" என்று ரசிகர்கள் துள்ளினார்கள். கம்பெனி ஆம் என்றும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டது எல்லாம் பேய் என்பார்கள். ஏங்கியவன் கண்ணுக்குக் கீறல் எல்லாம் வரைபடம்!

புகை ஒரு வீடு. நெருப்பு ஒரு வீடு

எல்லா ஊகமும் வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. 2018-ல் பெதஸ்டாவின் தாய்க் கம்பெனி, "ரெட்ஃபால்" என்ற பெயரைத் தனக்கு உரிமையாகப் பதிவு செய்ய மனுப் போட்டது. இது அரசாங்கப் பதிவேட்டில் உள்ள செய்தி. யாரும் கட்டிய கதை அல்ல.

ஹாமர்ஃபெல் நாட்டு வீரர்களுக்கு "ரெட்கார்ட்" என்று பெயர். ரசிகர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். "ஆறாவது பாகத்தின் பெயர் கிடைத்துவிட்டது!" என்று கொண்டாடினார்கள்.

2021-ம் ஆண்டு ஜூன் மாதம் உண்மை தெரிந்தது. ரெட்ஃபால் என்பது இரத்தம் குடிக்கும் பேய்களைச் சுட்டு வீழ்த்தும் வேறொரு விளையாட்டு! நெருப்பில்லாமல் புகையாது என்பது சரிதான். ஆனால் நெருப்பு இருந்தது பக்கத்து வீட்டில்.

கோர்ட்டில் வந்த உண்மை

2021 மார்ச்சில் பெதஸ்டாவின் தாய்க் கம்பெனியை மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. இதனால் ரசிகர்களுக்குப் புதிய கவலை. மைக்ரோசாஃப்டின் "எக்ஸ்பாக்ஸ்" பெட்டியில் மட்டும்தான் விளையாட்டு ஓடுமா? சோனியின் "பிளேஸ்டேஷன்" பெட்டி வைத்திருப்பவர்கள் என்ன செய்வது? விளையாட்டுக்காக இன்னொரு பெட்டி வாங்க எல்லார் வீட்டிலும் பணம் இருக்குமா?

2023 ஜூனில் மைக்ரோசாஃப்டுக்கும் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கும் இடையே சான்ஃபிரான்சிஸ்கோ கோர்ட்டில் வேறு ஒரு வழக்கு நடந்தது. மைக்ரோசாஃப்டின் விளையாட்டுப் பிரிவுத் தலைவராக இருந்த பில் ஸ்பென்சர் சாட்சி சொன்னார். ஆறாவது பாகம் வர இன்னும் ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகும் என்றார். எந்தப் பெட்டியில் வரும் என்பதை இப்போதே சொல்வது கடினம் என்றும் கூறினார்.

ஐந்து ஆண்டாக ரசிகர்கள் தேடிய பதில், விழா மேடையில் கிடைக்கவில்லை. கோர்ட்டுக் கூண்டில் கிடைத்தது!

அதே வழக்கின் காகிதங்களில் இன்னொரு செய்தியும் வெளிப்பட்டது. 2006-ல் வந்த நான்காவது பாகத்தைப் புதுப்பிக்கும் திட்டம் அதில் இருந்தது. 2025 ஏப்ரல் 22-ந் தேதி அது உண்மையாகவே வெளிவந்தது. அறிவித்ததும் அன்றுதான்; விற்றதும் அன்றுதான்.

ஆக, ஊகத்திலும் தரம் உண்டு. கீறலைப் பார்த்துச் சொன்னது ஆசை. பெயர்ப் பதிவைப் பார்த்துச் சொன்னது பாதி ஆதாரம், மீதி ஆசை. கோர்ட்டுக் காகிதத்தைப் பார்த்துச் சொன்னதுதான் பலித்தது.

தாமதம் ஏன்?

கம்பெனி இதை மறைக்கவில்லை. முதலில் ஸ்டார்ஃபீல்ட், அதன் பிறகே ஆறாவது பாகம் என்று 2018-லேயே சொல்லிவிட்டது. ஸ்டார்ஃபீல்ட் வெளிவந்தது 2023 செப்டம்பரில்தான். 2024 மார்ச்சில், ஆறாவது பாகத்தின் ஆரம்ப வடிவத்தைத் தாங்களே ஆடிப் பார்ப்பதாகக் கம்பெனி அறிவித்தது. 2025 நவம்பரிலும் ஹோவர்ட், "பொறுமை வேண்டும்" என்ற கருத்தில்தான் பேசினார்.

பின் எதற்காக அவ்வளவு முன்னால் அந்தப் படத்தைக் காட்ட வேண்டும்? பந்தி போடுவதற்கு முன்பே இலையைப் போட்டுவிட்டால், உட்கார்ந்தவன் இலையையே பார்த்துக் கொண்டு இருக்க வேண்டியதுதான். இன்னும் அடக்கமாக அறிவித்திருக்கலாம் என்று ஹோவர்டே பின்னர் ஒப்புக்கொண்டார்.

ஒரு பாட்டியின் கணக்கு

பத்து ஆண்டு தாமதம் இளைஞனுக்குப் பெரிதல்ல. எல்லாரும் இளைஞர்களா?

அமெரிக்காவில் ஷர்லி கரி என்று ஒரு பாட்டி. 1936-ல் பிறந்தவர். தாம் ஸ்கைரிம் ஆடுவதைப் படம் பிடித்து உலகத்துக்குக் காட்டினார். இலட்சக்கணக்கானவர்கள் அவருக்குப் பேரன் பேத்திகள் ஆனார்கள். "ஸ்கைரிம் பாட்டி" என்ற பெயரும் நிலைத்துவிட்டது.

அடுத்த பாகத்தில் பாட்டியையும் ஒரு பாத்திரமாக்க வேண்டும் என்று ரசிகர்கள் மனுப் போட்டார்கள். 2019-ல் கம்பெனி சம்மதித்தது.

36 வினாடிப் படம் ஓடியபோது பாட்டிக்கு வயது 82. ஸ்பென்சர் சொன்ன ஐந்து ஆண்டு 2028-ல் முடிகிறது. அப்போது பாட்டி பிறந்து 92 ஆண்டு ஆகியிருக்கும்.

2025-ல் இன்னொன்றும் நடந்தது. நோயுற்ற குழந்தைகளின் ஆசையை நிறைவேற்றும் ஒரு தர்ம ஸ்தாபனத்துக்காக ஓர் ஏலம் விட்டார்கள். ஏலப் பொருள், ஆறாவது பாகத்தில் ஒரு பாத்திரத்தை உருவாக்கும் உரிமை. ரசிகர் குழுக்களும் பணம் திரட்டி ஏலம் கேட்டன. அது 85,450 டாலருக்குப் போயிற்று.

கதை நடக்கும் நாடு தெரியாது. வரும் தேதி தெரியாது. ஆனால் அதற்குள் ஓர் ஆள் நிற்கும் இடத்துக்கு இவ்வளவு விலை!

பெதஸ்டா காட்டியது 36 வினாடி. மீதிக் கதையை ரசிகர்களே எழுதிக்கொண்டு இருக்கிறார்கள். கம்பெனி தரும் கதை அதைவிட நன்றாக இருக்க வேண்டும். இத்தனை நாள் காத்திருந்தவர்களுக்கு அது படவேண்டிய கடன்!