விருப்பம் சங்கமாகும் வழி

கடமைகள் முடிந்தபின் எஞ்சும் நேரத்தில் ஒருவன் தானே விரும்பிச் செய்யும் தொழிலைப் பொழுதுபோக்கு என்கிறோம். இப்பெயர் அத்தொழிலின் பெருமைக்குப் பொருந்துவதன்று. பொழுதைப் போக்குதல் வேறு. பொழுதைப் பயன்படுத்தல் வேறு. முத்திரை சேர்ப்பவன் நாடுகளின் வரலாற்றைக் கற்கிறான். பறவைகளை நோக்குபவன் இயற்கையின் இயல்பை உணர்கிறான். பழம் புத்தகங்களைத் தேடித் திரட்டுபவன் அழியுஞ் செல்வத்தைக் காக்கிறான். எனினும், இவ்வறிவெல்லாம் தனியொருவனிடத்தே தங்கிவிடின் அவனோடு மறைந்தொழியும். ஒருவர் ஆயுள் முழுவதும் சேர்த்தவை அவருக்குப் பின் பேணுவாரின்றிக் கறையானுக்கு இரையாதல் நம் ஊர்களிற் புதுமையன்று. ஆகவே தனிவிருப்பம் சங்கமாக வளர்தல் வேண்டும். அஃது எவ்வாறு வளரும் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இக்கால இளைஞர் கூட்டஞ் சேர்ப்பது மிக எளிது என எண்ணுகின்றனர். கைத்தொலைபேசியில் ஒரு படத்தை இட்டால் ஆயிரம்பேர் பார்க்கின்றனர். நூறுபேர் விருப்பக்குறி இடுகின்றனர். பார்த்தவரையெல்லாம் தம் சங்கத்தார் என மயங்குவதே இங்கு நேரும் பிழை. தேர் பார்க்க வந்தவர் வேறு. வடம் பிடித்தவர் வேறு. பார்க்க வந்தவர் எத்துணைப் பெருந்தொகையினராயினும் தேர் இருந்த இடத்திலேயே இருக்கும். வடம் பிடிப்போரை உண்டாக்குவன இரண்டு: குறித்த நாளில் தவறாது வரும் செய்திமடல் ஒன்று, உரிமையும் கடமையும் உடைய அங்கத்துவம் மற்றொன்று.

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்றுண்டு. சிலோன் பேர்ட் கிளப் எனும் பறவை ஆர்வலர் சங்கம் 1943ஆம் ஆண்டு, உலகப்போரின் நடுவே தோன்றியது. அங்கத்தவர் தத்தம் பகுதியிற் கண்ட பறவைகளைக் குறித்து அனுப்புவர். அக்குறிப்புகள் தொகுக்கப்பெற்று அனைவர்க்கும் மடலாகச் செல்லும். ஒருவர் தனியே கண்ட பூநாரைக் கூட்டம் வெறும் காட்சி. பலர் பல ஆண்டுகளாகக் குறித்த பூநாரைக் கணக்கு ஓர் அறிவு. நம் கடனீரேரிகளுக்கு எப்பறவை எம்மாதம் வருகிறது, எப்பறவை அருகி வருகிறது என்பனவெல்லாம் இத்தகைய சிறு குறிப்புகளின் தொகுப்பாலேயே தெரியவரும். இம்மடலைப் பெறுபவனே இதனை எழுதுபவனுமாவான் என்பது கருதத்தக்கது.

இலக்கியத் துறையிலும் ஒரு சான்று காட்டலாம். சி. சு. செல்லப்பா 1959ஆம் ஆண்டு சனவரியில் சென்னையில் ‘எழுத்து’ என்னும் இதழைத் தொடங்கினார். அது கடைகளில் விலைக்குக் கிடையாது, சந்தாதாரர்க்கே அனுப்பப்படும், 2000 பிரதிகளுக்கு மேல் அச்சிடப்படாது என்று அவர் அறிவித்தார். வணிகர் இதனைக் கேட்டு நகைத்திருப்பர். ஆயினும், திருகோணமலையில் இருந்த தருமு சிவராமு என்னும் இளைஞர் கடல் கடந்து அவ்விதழுக்கு எழுதினார். தமிழ்ப் புதுக்கவிதை வரலாற்றில் இடம் பெற்றார். ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளே வெளிவந்த அவ்விதழ், பல்லாயிரம் பிரதிகள் விற்ற இதழ்கள் பல மறக்கப்பட்ட பின்னும் பேசப்படுகின்றது. வாசகர் தொகை சிறிதாயினும் அவரிடையே பிணைப்பு இருந்தமையே இதற்குக் காரணம்.

இணையம் வந்தபின் தாளும் தபாற்செலவும் இல்லாதொழிந்தன. தூரமும் ஒரு தடையன்று. அவ்வசதியை நம்மவர் பயன்படுத்திய வகைக்கு மதுரைத் திட்டம் தலைசிறந்த எடுத்துக்காட்டு. சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் முதலியோர் 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் இதனைத் தொடங்கினர். பழந்தமிழ் நூல்களைக் கணினியிற் பதிந்து எவரும் இலவசமாகப் பெறும்படி செய்தலே நோக்கம். திருக்குறள் முதல் நூலாயிற்று. ஈழத்துப் படைப்புகளும் பின்னர் இடம்பெற்றன. பல நாடுகளில் வாழ்ந்த தமிழர் மின்னஞ்சல் வழியே ஒருவரோடொருவர் தொடர்புகொண்டு, ஒருவர் பதிய மற்றொருவர் பிழைதிருத்த, ஊதியமின்றி உழைத்தனர். பதிந்தவர் பெயரும் திருத்தியவர் பெயரும் நூலின் முகப்பிலே பொறிக்கப்படும் வழக்கம் அங்குண்டு. இது சிறிய செய்தியன்று. செய்ய ஒரு பணியும், செய்தமைக்கு ஒரு மதிப்பும் கிடைக்குமிடத்தில் மனிதன் நிலைத்து நிற்பான்.

ஆயின், இணையத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. யாகூ நிறுவனத்தின் மடலாடற் குழுக்களில் இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் தமிழர் பலர் கூடி எழுதினர். மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற குழுக்களைப் பலர் அறிவர். 2019ஆம் ஆண்டு ஒக்டோபரில் அந்நிறுவனம், குழுக்களின் சேமிப்பையெல்லாம் நீக்கப்போவதாக அறிவித்தது. 2020 டிசெம்பரில் அச்சேவை முற்றாக மூடப்பட்டது. தாமே படியெடுத்து வைக்காத குழுக்கள் தம் எழுத்துகளை இழந்தன. பிறர் காணியிற் கட்டிய வீட்டுக்கு உறுதி கிடையாது. இன்று முகநூலிலும் வாட்சப்பிலும் கூடும் சங்கங்களுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். அங்கத்தவர் முகவரிப் பட்டியலும், வெளிவந்த மடல்களின் படிகளும் சங்கத்தின் கையிலேயே இருத்தல் வேண்டும்.

இனிச் சிலர் ஒரு வினா எழுப்புவர்: “எல்லாம் இலவசமாகக் கிடைக்கும் இந்நாளிற் சந்தா கொடுப்பார் யார்?” மடலைப் பூட்டி வைத்து விலை கூறின் கொடுப்பார் இலர் என்பது உண்மையே. மடல் அனைவர்க்கும் உரியதாகட்டும். அங்கத்துவம் என்பது மடலை வாங்கும் விலையன்று. மடல் நாளையும் வரவேண்டும் என்பதற்கு ஒருவன் ஏற்கும் பொறுப்பு. அப்பொறுப்பை ஏற்பவர்க்குக் கூட்டத்தில் வாக்கும், கணக்கைக் கேட்கும் உரிமையும் உண்டு. வரவு செலவை மடலிலேயே வெளியிடும் சங்கத்துக்குப் பணமுடை அரிதாகவே நேரும். ஆனால் ஒழுங்கு முந்த வேண்டும்; பணம் பிந்த வேண்டும். ஓராண்டேனும் தவறாது மடல் விடுத்தபின்னரே சந்தா கேட்பது முறை. முதல் மடலைப் பதினாறு பக்கத்திற் படங்களுடன் விடுத்து, மூன்றாம் மடலோடு ஓய்ந்த சங்கங்களை நாம் அறிவோம். இரண்டு பக்கமாயினும் மாதந் தவறாது வருவதே மேல்.

“பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்க்கு இது வீண்வேலை” என்று பெற்றோர் கூறலும் எதிர்பார்க்கத்தக்கதே. தமிழாசிரியன் என்ற முறையில் என் விடை இது: வகுப்பில் எழுதப்படும் கட்டுரையை ஆசிரியன் ஒருவனே வாசிப்பான். தான் கண்டதைத் தன்னை அறியாத ஒருவர்க்கு விளங்கும்படி பத்து வரியிற் பிழையற எழுதும் பயிற்சி, புள்ளிக்காக எழுதும் பத்துப் பக்கத்தினும் சிறந்தது. வாரம் ஒருமணி நேரம் இதற்குப் போதும்.

விழாக் காணும் நம் கல்லூரிக்கு இதில் ஒரு கடமையுண்டு. முத்திரைக் கழகமும், புகைப்படக் கழகமும், இயற்கைக் கழகமும் பொறுப்பாசிரியர் மாற்றலாகிச் செல்லும்போதும், முதன்மை மாணவர் பல்கலைக்கழகம் புகும்போதும் மடிந்து, பின்னர் வருவோரால் அடியிலிருந்தே தொடங்கப்படுகின்றன. மறுபுறம், ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் வாழும் நம் பழைய மாணவரின் தொடர்பு ஆண்டு இராப்போசனத்தோடும் கட்டட நன்கொடையோடும் நின்றுவிடுகின்றது. அவரிடம் பணம் மாத்திரமா உண்டு? அவருள்ளும் முத்திரை சேர்ப்பவரும், படம் பிடிப்பவரும், பறவை நோக்குபவரும் இருப்பர் அன்றோ? இவ்விரு சாராரையும் ஒரே மடலிற் சேர்த்தால், மாணவன் கேட்கும் வினாவுக்குக் கடலுக்கப்பாலிருந்து விடை வரும். மாணவன் கல்லூரியை விட்டு நீங்கினாலும் மடல் அவனை விட்டு நீங்காது.

ஆகவே பெரிய திட்டம் எதனையும் வேண்டுகிலேன். இவ்விழா ஆண்டில் ஒரேயொரு கழகம் ஒரு மாத மடலைத் தொடங்கட்டும். மாணவர் எழுதுக, ஆசிரியர் திருத்துக, பழைய மாணவர் தாம் அறிந்ததை எழுதி அனுப்புக. முகவரிப் பட்டியலும் மடற்படிகளும் கல்லூரி நூலகத்தில் இருக்க. பன்னிரண்டு மடல்கள் பிழையாது வெளிவரின், அடுத்த ஆண்டில் அங்கத்துவம் பற்றிப் பேசலாம். வடம் பிடிக்கப் பத்துப்பேர் முன்வந்தால் தேர் அசையத் தொடங்கும். அசைந்த தேரைக் கண்டால் ஏனையோரும் கைகொடுப்பர்.