உயிரணுவையும் மரபையும் விளக்கும் படங்கள்

வீரிய ஒட்டு மக்காச்சோளம் பயிரிட்ட குடியானவர் ஒருவர், அறுவடையில் பருத்த கதிர்களாகப் பொறுக்கி எடுத்து, அவற்றையே மறு வருஷத்திற்கு விதையாக வைத்துக்கொள்வதுண்டு. நெல்லிலும் கேழ்வரகிலும் பரம்பரையாகக் கையாண்டு வந்த நல்வழக்கம் அது. ஆனால் மக்காச்சோளத்தில் அடுத்த பட்டத்துப் பயிர் நெட்டையும் குட்டையுமாக எழும்புகிறது, கதிர்கள் ஒன்றுபோல் இரா, மகசூல் குறைந்துவிடுகிறது. அவர் நிலத்தைக் குறை சொல்லுவார், உரத்தைக் குறை சொல்லுவார், இறுதியில் விதை விற்றவரைக் குறை சொல்லுவார். உண்மைக் காரணமோ விதையினுள் இருக்கிறது. கலப்பில் பிறந்த முதல் தலைமுறைக்குரிய வீரியம் அதன் சந்ததிக்கு முழுமையாகச் செல்வதில்லை. ஒன்றாகக் கூடிய குணங்கள் இரண்டாம் தலைமுறையில் பிரிந்துவிடுகின்றன. ‘ஒட்டு’ என்ற சொல்லும் இவ்விஷயத்தில் குழப்பத்திற்கே இடமளிக்கிறது. மாவொட்டைப் போன்றதொரு வேலை என்று எண்ணிக்கொண்டிருப்பவர் இன்றும் பலர்.

வாயால் எத்தனை முறை சொன்னாலும் விளங்காத இதனை, நல்ல விவரணப் படம் ஒன்று கால்மணி நேரத்தில் விளக்கிவிடக் கூடும். இக்காலத்தில் இத்தகைய படங்கள் கைப்பேசியிலேயே ஏராளமாகக் கிடைக்கின்றன. ஊராட்சி நூலகத்திலோ, உழவர் கூட்டத்திலோ எதைக் காட்டுவது என்பதுதான் கிராம அதிகாரிகளுக்குள்ள சங்கடம். கண்ணுக்கு அழகாயிருப்பதையே தேர்ந்தெடுப்பது பெரும்பாலோர் வழக்கமாயிருக்கிறது. அது சரியான அளவுகோலன்று.

உதாரணமாக, அமெரிக்காவிலுள்ள ஹார்வர்டு சர்வகலாசாலையின் முயற்சியால் 2006-ல் வெளிவந்த ‘தி இன்னர் லைஃப் ஆஃப் தி செல்’ என்னும் சிறு படத்தைக் கூறலாம். வெள்ளை அணுவொன்றின் உட்புறம் அதில் சித்திரிக்கப்படுகிறது. சுமையொன்றை இழுத்துக்கொண்டு, கயிற்றின்மேல் அடிமேல் அடி வைத்து நடக்கும் ஒரு புரதத்தைக் கண்டவர் மறக்கமாட்டார். எனினும் அது முழுவதும் வரைந்து செய்யப்பட்ட படமேயன்றி, நிழற்படக் கருவியால் பிடித்ததன்று. அதில் காணும் வர்ணங்களும் இயற்கையில் இல்லை. ஒளியின் அலைநீளத்தினும் மிகச் சிறிய பொருள்களுக்கு வர்ணம் ஏது? மெய்யான உயிரணுவினுள் புரதங்கள் சந்தைக் கூட்டம்போல் நெருங்கி, ஓயாமல் ஒன்றோடொன்று மோதித் தள்ளாடுகின்றன. படத்திலோ யாவும் விசாலமான மண்டபத்தில் ஏவலாளர் நடப்பதுபோல் ஒழுங்காக நடைபெறுகின்றன. இக்குறையை விஞ்ஞானிகளே எடுத்துக்காட்டினர். நெருக்கத்தைக் காட்டும் மற்றொரு படமும் பின்னர் செய்யப்பட்டது. முதற்படத்தைக் காட்டக் கூடாதென்பதில்லை. ‘இது வரைந்தது’ என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுக் காட்டவேண்டும்.

இதற்கு மாறாக, ஒரு செய்தி எவ்வாறு அறியப்பட்டது என்பதைக் காட்டும் படமே உழவர்க்குப் பிரயோஜனமுள்ளது. ஹாவர்ட் ஹியூஸ் மருத்துவ ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் வெளியிட்டு, இலவசமாக வழங்கிவரும் ‘பாப்டு சீக்ரெட்’ என்ற படம் இவ்வகையில் முதன்மையானது. இருபது நிமிஷத்திற்கு மேற்படாதது. மக்காச்சோளம் எங்கிருந்து வந்தது என்பதே அதன் விஷயம். மெக்ஸிகோவில் ‘தியோசிண்டி’ என்றொரு காட்டுப் புல் உண்டு. அதன் கதிரில் பத்துப் பன்னிரண்டு மணிகளுக்குமேல் இரா. ஒவ்வொன்றும் பல் உடையும்படியான கெட்டி ஓட்டுக்குள் அடைபட்டிருக்கும். நூற்றுக்கணக்கான மணிகள் நெருங்கிய மக்காச்சோளக் கதிர் இதிலிருந்து தோன்றியது என்றால் யார் நம்புவர்? நெப்ராஸ்காவில் ஒரு குடியானவர் வீட்டில் பிறந்து, 1958-ல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் பீடில் நம்பினார். உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற பிறகும் அவர் இவ்விஷயத்தை விடவில்லை. இரண்டையும் கலப்புச் செய்து, இரண்டாம் தலைமுறையில் சுமார் 50,000 செடிகளை வளர்த்து எண்ணிப் பார்த்தார்.

அவ்வெண்ணிக்கையில்தான் சூட்சுமம் அடங்கியுள்ளது. வேற்றுமை ஒரே ஜீனால் ஆயின், நான்கு செடிகளில் ஒன்று தாயையும், ஒன்று தந்தையையும் முற்றும் ஒத்திருக்கும். இரண்டு ஜீன்களானால் 16-ல் ஒன்று. நான்கானால் 256-ல் ஒன்று. ஐந்தானால் 1,024-ல் ஒன்று. பீடில் கண்டது ஏறக்குறைய 500-க்கு ஒன்று. ஆகவே காட்டுப் புல்லுக்கும் பயிருக்கும் இடையே நின்ற முக்கிய ஜீன்கள் நான்கைந்தே என்று அவர் முடிவுகட்டினார். சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன்னர் மெக்ஸிகோ நாட்டு உழவர்கள் விதை பொறுக்கத் தொடங்கியதன் பலன் இது எனப் பிற்கால ஆராய்ச்சியும் உறுதி செய்தது. மேற்சொன்ன குடியானவரின் வயலில் நெட்டையும் குட்டையும் தோன்றியதும் இதே கணக்கின்படியே என்பதை, படம் முடிந்தவுடன் தமிழில் ஒருவர் எழுந்து சொல்லவேண்டும். அது சொல்லப்படாவிடில் படம் பாதிதான் காட்டப்பட்டதாகும்.

ஏனைய படங்களுள் பி.பி.சி. ஸ்தாபனத்தாரின் ‘தி செல்’ (2009) உயிரணு கண்டறியப்பட்ட வரலாற்றை மூன்று பகுதிகளில் கூறுகிறது. பள்ளி மாணவர்க்கு ஏற்றது. ‘ஹியூமன் நேச்சர்’ (2019) ஜீன்களைத் திருத்தும் கிரிஸ்பர் முறையைப் பற்றியது. நல்ல படமே, ஆயினும் அதன் பேச்சு பெரும்பாலும் மனித வியாதிகளைப் பற்றியதாகலின் உழவர் கூட்டத்திற்கு அவ்வளவு பொருந்தாது.

மரபணு மாற்றிய பயிர்களைப் பற்றிய படங்களில் மட்டும், செலவு செய்தவர் யார் என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுதல் அவசியம். அப்பயிர்களை ஆதரிக்கும் ‘ஃபுட் எவல்யூஷன்’ (2016) என்ற படத்திற்குப் பணம் அளித்தது உணவுத் தொழில்நுட்ப அறிஞர்களின் அமெரிக்கச் சங்கம். இதனால் படம் பொய்யென்று ஆகாது. அதில் சான்றுகளுடன் கூறப்படும் பகுதிகள் உண்டு. ஆனால் விதை வாங்கப்போகிறவர் அவ்விவரத்தை அறிந்தே பார்க்கவேண்டும். எதிர்த்தரப்பார் படங்களையும் இவ்வாறே சோதிக்கவேண்டும். பயமுறுத்துதலும் ஒருவகை வியாபாரமே.

அந்நிய நாட்டுப் பயிர்களையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுமில்லை. 1912-ல் கோயம்புத்தூரில் தொடங்கிய கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில், வெள்ளைக் கரும்பை நாணல் இனத்துக் காட்டுக் கரும்புடன் கலந்து உண்டாக்கிய கோ 205 என்ற ரகம் 1918-ல் வெளிவந்தது. இத்தகைய கலப்பில் ஓர் அதிசயம் உண்டு. சாதாரணமாகத் தாய் தன் குரோமோஸோம்களில் பாதியையே குழந்தைக்கு அளிக்கும். இங்கே தாய்க் கரும்பு தன் 80-ஐயும் அளித்துவிட, 64 உடைய காட்டுக் கரும்பு 32-ஐக் கொடுக்கிறது, குழந்தைக்கு 112. இதனைத் தமிழிலேயே படமாக எடுத்தால் கரும்பு போடும் ஒவ்வொரு மிராசுதாரும் பார்ப்பார்.

அதுவரையில், படம் காட்டும் ஊரில் கூடவே இரண்டு சென்ட் நிலத்தில் ஒரு சோதனையும் வைத்தல் நலம். ஒரு பாத்தியில் புதிதாக வாங்கிய ஒட்டு விதை. பக்கத்துப் பாத்தியில் அதே ரகத்தின் சென்ற அறுவடையில் எடுத்து வைத்த விதை. உரமும் நீரும் ஒன்றாகவே இருக்கட்டும். அடுத்தடுத்து இருப்பதால் பாதகமில்லை. மகரந்தக் கலப்பு இனி விளையும் மணியின் சந்ததியில் தெரியுமேயன்றி, நிற்கும் செடியின் உயரத்தை மாற்றாது. நூறு நாள் கழித்து, கதிர் முற்றியதும், படம் பார்த்தவர்களையே அழைத்து இரு பாத்திகளிலும் கதிர்களை எண்ணச் சொல்லலாம்.