கஜாவுக்குப் பயந்தோம், கட்டுவிரியனுக்கு?



டிவியில் டொர்னாடோ பார்த்திருப்பீர்கள். யானைத் தும்பிக்கை மாதிரி மேகத்திலிருந்து இறங்கி வீட்டையே தூக்கும் சுழல்காற்று. அமெரிக்காவில் அதனால் வருடத்துக்குச் சராசரியாக 70 பேர் இறக்கிறார்கள். நம்ம பக்கம் புயல்தான். 2018 நவம்பர் 16-இல் கஜா அடித்தபோது நான் இரண்டாம் வகுப்பு. ஓடு பறந்த சத்தம் இன்னும் காதுக்குள்ளேயே இருக்கு. தமிழ்நாட்டில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். தென்னை போனது தனிக்கதை.

ஆனால் காற்றைவிட நாம் அதிகம் பயப்பட வேண்டியது பாம்புக்கடிக்குத்தான் என்பது என் கருத்து. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்பு கடித்துச் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக 2020-இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. வருடத்துக்கு 58,000! (மின்னலுக்கு 2,500-க்கு மேல். அதுவும் கொஞ்சமில்லை.) புயல் வருதுன்னா முன்னாடியே சொல்லி, பள்ளிக்கூடத்தில் தங்க வைக்கிறார்கள். கட்டுவிரியன் சொல்லிட்டா வருது? ராத்திரி தரையில் பாய் விரித்துத் தூங்குறவங்களைக் கடிக்கும். பல நேரம் வலிகூடத் தெரியாது.

எங்க அப்பத்தா, "கயித்தால இறுக்கிக் கட்டி மந்திரிச்சாப் போதும்டி"ங்கிறாங்க. இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று காலே கெட்டுப்போகலாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல் 108-க்குப் போன் போடணும். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம்.

புயலுக்கு ஒத்திகை நடத்துகிற மாதிரி பாம்புக்கடிக்கும் நம்ம பள்ளியில் ஒருநாள் நடத்தினால் என்ன? அப்பத்தாவை நான் கூட்டிட்டு வர்றேன்.

– 9-ஆம் வகுப்பு மாணவி