ஃபைட்டருக்கு ஒண்ணும் வேண்டாமாம்!

போன ஞாயிற்றுக்கிழமை எங்க நொய்டா அபார்ட்மெண்ட்ல ஒரு பிறந்தநாள் விழா. கேக் வெட்டி, பலூன் உடைச்சு, சமோசா தின்னு முடிச்சுக் கிளம்பும்போது வாசல்ல ஒரு மேசை. அதுமேல வரிசையா 22 பிளாஸ்டிக் டப்பா, அரைக்கிலோ ஊறுகாய் டப்பா சைஸ்ல. ஒவ்வொண்ணுலயும் ஒரு ஃபைட்டர் மீன். ரிட்டர்ன் கிஃப்டாம்! குழந்தைகளுக்குப் பொறுப்பு வருமாம்.

"இதை எப்படிப் பாத்துக்கணும்?"னு கேட்டேன். "குச் நஹி சாஹியே, பாய் சாப்! வாரம் ஒரு தடவை தண்ணியை மொத்தமா கொட்டிட்டுப் புதுசா ஊத்துங்க, போதும். கடைக்காரரே சொன்னார்"னு பதில் வந்தது.

டிசம்பர் மாசம். நொய்டா. புதன்கிழமைக்குள்ள வாட்ஸப் குரூப்ல ஒன்பது மீன் காலி. ஒன்பதுக்கும் அழுகை ஸ்மைலி போட்டுட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிட்டாங்க.

நான் ஒண்ணும் யோக்கியன் இல்லை. அஞ்சு வருஷம் முன்னாடி என் முதல் ஃபைட்டரை இதே முறையிலதான் கொன்னேன். ஜனவரி மாசக் காலை. சுத்தம் சோறு போடும்னு கண்ணாடி பௌலைக் கவிழ்த்து, கூழாங்கல்லை எல்லாம் விம் போட்டுத் தேய்ச்சு, மொட்டைமாடி டேங்க் தண்ணியை நேரா பைப்புல பிடிச்சு ஊத்தி மீனை விட்டேன். கைவிரல் மரத்துப் போச்சு, அப்பவும் உறைக்கலை. மீன் பக்கவாட்டா சாய்ஞ்சு அடியில படுத்துது. சாயங்காலம் பொண்ணு ஸ்கூல் விட்டு வந்து பார்த்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டா: "நீதானப்பா தண்ணி மாத்தினே?" அப்புறம்தான் உட்கார்ந்து படிச்சேன்.

இந்த மீனைப் பத்தி ஊர்ல சொல்ற பொய் எல்லாமே ஒரு உண்மையைத் திரிச்சு வந்தது. ஃபைட்டருக்குச் செவுளுக்கு மேல மடிப்பு மடிப்பா ஒரு உறுப்பு இருக்கு, லேபிரிந்த்னு பேர். மேல வந்து வாயைத் திறந்து நேரடியாக் காற்றைச் சுவாசிக்கும். அதனால மத்த மீன் மூச்சுத் திணறிச் சாகிற இடத்துல இது உயிரோட இருக்கும். வியாபாரிக்கு இதைவிட என்ன வேணும்? நம்ம சென்னை கொளத்தூர் வண்ணமீன் வியாபாரத்துக்குப் பேர்போன இடம். அங்கே கையளவு பாக்கெட்ல ரெண்டு விரல் தண்ணி ஊத்தி, ஒரு மீனைப் போட்டுக் கட்டி வெளியூருக்கு அனுப்புவாங்க. பாக்கெட் போடறதுக்கு முன்னாடி மீனைப் பட்டினி போடறது தொழில் வழக்கம், கழிவு குறையணும்னு. பாக்கெட்ல ஒண்ணு ரெண்டு நாள் தாங்கும், சரி. ரயில்ல அப்பர் பர்த்ல ரெண்டு ராத்திரி நாமளும்தான் படுத்து வர்றோம். அதுக்காக அதையே வீடுன்னு எழுதிக் கொடுத்தா ஒத்துக்குவோமா?

"காட்டுல குட்டையிலதானே சார் இருக்கு?"ன்னு அடுத்த வாதம். இதோட சொந்த ஊர் தாய்லாந்து. 2019ல அந்த நாட்டு அரசு இதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாவே அறிவிச்சுது. அங்கே இருக்கறது நெல்வயல், சதுப்பு, வாய்க்கால். ஆழம் கம்மி, ஆனா பரப்பு எவ்வளவு! செடி, சேறு, கொசுப்புழு, வெதுவெதுப்பான தண்ணி. ஆழம் இல்லாத வயலையும் ஊறுகாய் டப்பாவையும் ஒண்ணுன்னு சொல்றவனை என்ன செய்யறது?

சரி, அந்த 'மொத்தமா கொட்டு' வைத்தியத்துக்கு வருவோம். மீன் செவுள் வழியா அம்மோனியாவை வெளியேத்திக்கிட்டே இருக்கும். தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும்போதே செவுள் வெந்துக்கிட்டிருக்கலாம். பாக்டீரியா அந்த அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். இன்னொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட் ஆக்கும். கடைசியா வர்றதுல விஷம் ரொம்பக் கம்மி. இந்தப் பாக்டீரியா கூட்டம் பெரும்பாலும் இருக்கறது தண்ணியில இல்லை, கல்லுலயும் ஃபில்டர் பஞ்சுலயும் ஒட்டிக்கிட்டு. புதுத் தொட்டியில அது நிலைபெற நாலுலேர்ந்து ஆறு வாரம் ஆகும். நீங்க வாராவாரம் கல்லைத் தேய்ச்சா? உறைமோர்க் கிண்ணத்தைத் தினம் சுரண்டிக் கழுவி வெச்சுட்டு, பால் தோயலையேன்னு கேட்கிற கதை.

தண்ணியிலயும் நம்ம ஊர் லட்சணம் உண்டு. டேங்கர் வந்த அன்னிக்குப் பிளீச்சிங் பவுடர் நாத்தம் மூக்கைத் துளைக்கும். அந்தக் குளோரின் செவுளை எரிக்கும், பாக்டீரியாவையும் கொல்லும். பக்கெட்ல ஒரு நாள் திறந்து வெச்சா சாதாரண குளோரின் போயிடும். குளோரமைன் கலந்திருந்தா அப்படிப் போகாது, அதுக்குத் தயோசல்ஃபேட் மாதிரி மருந்துச் சொட்டு விடணும். இன்னும் சில அதிபுத்திசாலிகள் "நாங்க ஆர்ஓ தண்ணிதான் ஊத்தறோம்"னு பெருமைப்படறாங்க. அதுல தாது உப்பெல்லாம் போயிடுது, பிஎச் நிலையா நிக்காது. கொஞ்சம் கடினமான தண்ணிக்குக்கூட ஃபைட்டர் பழகிக்கும், திடீர் மாற்றத்தைத்தான் தாங்காது. அதுக்கு வேண்டியது 24லேர்ந்து 28 டிகிரி. இங்கே டிசம்பர்ல ராத்திரி ரூம்ல வெச்ச தண்ணி 15க்குப் போயிடுது. மே மாசம் அதே மாடி டேங்க் தண்ணியில டீ போடலாம் :-)

அப்போ என்னதான் வேணும்? இருபது லிட்டர்ல ஒரு தொட்டி. மூடி கட்டாயம், ஏன்னா குதிக்கும். மெதுவா ஓடற ஸ்பாஞ்ச் ஃபில்டர். குளிர்காலத்துக்கு ஒரு சின்ன ஹீட்டர். வாரத்துக்குக் கால்வாசித் தண்ணியை டியூப் போட்டு அடியிலேர்ந்து உறிஞ்சி எடுத்து, அதே சூட்டுல, குளோரின் போன தண்ணியை மெதுவா ஊத்தணும். பஞ்சை அலசணும்னா எடுத்த பழைய தண்ணியில அலசணும், பைப்புல இல்லை. ஒரு வேளைக்கு ரெண்டு மூணு உருண்டை தீனி, அதுக்கு மேல போடறதெல்லாம் அம்மோனியாதான். அப்புறம், விருந்தாளி வந்தா கண்ணாடியைக் காட்டிச் சீற வெச்சு வேடிக்கை பார்க்கறதை நிறுத்துங்க சாமி. அது எதிரின்னு நினைச்சுச் சண்டைக்கு நிக்குது, நீங்க கைதட்டறீங்க.

"நூறு ரூபாய் மீனுக்கு ரெண்டாயிரம் ரூபாய் தொட்டியா?"ன்னு எதிர் ஃப்ளாட்காரர் கேட்டார். முடியலைன்னா வாங்காதீங்க! மணி பிளாண்ட் வைங்க, அது நிஜமாவே ஒண்ணும் கேட்காது. ஒழுங்கா வளர்த்தா மூணு வருஷம் இருக்கிற பிராணி இது. அடுத்து அவர் விட்ட அஸ்திரம், "வஞ்சிரம் வறுத்துத் திங்கற மதராஸி பேசற பேச்சா இது?" திங்கறேன்தான். அந்தச் சண்டையையும் போடலாம், தனியா. ஆனா நான் வஞ்சிரத்தை டப்பாவுல போட்டு, 'பொறுப்பு வரும்'னு ஆறு வயசுக் குழந்தை கையில கொடுக்கறதில்லை. அந்த ஒன்பது குழந்தைகளும் இந்த வாரம் கத்துக்கிட்டது, ஒண்ணு செத்தா ஃப்ளஷ் பண்ணிட்டு இன்னொண்ணு கேட்கலாம்ங்கறதைத்தான்.

எங்களுக்கு வந்த டப்பா மீன் சிவப்பு, வால் ஓரம் கிழிஞ்சிருக்கு. முதல் மீனுக்கு அப்புறம் வளர்த்தது மூணு வருஷம் இருந்துட்டுப் போன வருஷம் போச்சு. அதோட தொட்டியைப் பரண்லேர்ந்து இறக்கினோம். பஞ்சு காய்ஞ்சு பாக்டீரியா எல்லாம் எப்பவோ செத்திருக்கும், அதனால மறுபடி முதல்லேர்ந்து. தினமும் டெஸ்ட் கிட்ல அம்மோனியா பார்த்து, கூடினா கால்வாசி மாத்தறோம். தண்ணிச் சூட்டை அளக்கற வேலை பொண்ணோடது. என்னை பக்கெட்டைத் தொட விடறதில்லை.

நேத்து குரூப்ல ஒரு மெசேஜ் போட்டேன்: மீதிப் பன்னிரண்டு டப்பாக்காரங்களும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல எங்க வீட்டுக்கு வரலாம், குளோரின் போன வெதுவெதுப்பான தண்ணி ரெண்டு பக்கெட் ரெடியா இருக்கும்னு. இதுவரைக்கும் வந்தது மூணு பேர். அதுல ஒருத்தர் ஏழாவது மாடித் தாத்தா. டப்பாவை மஃப்ளர்ல சுத்தி, சால்வைக்குள்ள வெச்சு எடுத்துட்டு வந்தார்.