சொல்லக் கூசும் ஓர் உபாதை



கொல்லிமலைச் செம்மேட்டிலிருந்து காரவள்ளி அடிவாரத்திற்கு இறங்கும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அவ்வழியே பேருந்தில் வருகையில் நமக்கு நேர்ந்த சங்கடத்தை இம்மாதம் சொல்லத் துணிகிறோம். புறப்படுமுன் சிறுநீர் கழித்துவிட்டே ஏறினோம். ஆயினும் பாதி வளைவுகள் கடக்குமுன் மீண்டும் முட்டிக்கொண்டு வந்தது. நடத்துநரிடம் வாய் திறக்க வெட்கம். இறுதியில் அடக்கவியலாது வண்டியை நிறுத்தச் சொன்னோம்.

திரும்பி வந்து அமர்ந்ததும், பக்கத்திலிருந்த நம் பங்கின் மூதாட்டி ஒருவர் காதோடு சொன்னார்: “எனக்கும் இப்படித்தான் சாமி. இன்னைக்குப் பஸ் ஏறணுமேன்னு காலையிலேருந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலே. பூசை நடுவிலே எழுந்து போனா நாலு பேர் பார்ப்பாங்களேன்னுதான் கோயிலுக்கும் வர்றதில்லே.”

பக்தி குறைந்துவிட்டதென்று அவரைப்பற்றி மனத்துள் தீர்ப்பிட்டிருந்த நாம் தலைகுனிந்தோம்.

இவ்வுபாதையை ‘மிகைச் செயல் சிறுநீர்ப்பை’ என்பர் மருத்துவர். பை நிறையுமுன்னரே அதன் தசை தானாகச் சுருங்குவதால், அடக்கவியலாத அவசரம் திடீரென எழுகிறது. பகலில் பன்முறை போகவேண்டியிருக்கும். இரவில் உறக்கம் கலையும். சிலருக்குக் கழிப்பறையை அடையுமுன்னரே கசிந்துவிடும். இது அபூர்வமானதன்று. கனடாவிலும் ஐரோப்பிய நாடுகள் நான்கிலும் 18 வயதுக்கு மேற்பட்டோரிடம் நடத்தப்பெற்று 2006-ல் வெளியான ஆய்வொன்றில், நூற்றுக்கு ஏறக்குறைய 12 பேருக்கு இது காணப்பட்டது. ஆண், பெண் இருபாலாரிடமும் உண்டு. கசிவு மட்டும் பெண்களிடம் மிகுதி.

எவருக்கு வாய்ப்பு அதிகம்? வயது ஏற ஏற இது பெருகும். பல பிள்ளைகளைப் பெற்ற தாய்மாரும், மாதவிடாய் நின்ற பெண்களும், புராஸ்டேட் சுரப்பி வீங்கிய ஆண்களும், உடல் பருத்தோரும், மலச்சிக்கலால் வருந்துவோரும், பக்கவாதம், நடுக்குவாதம் முதலிய நரம்பு நோய் கண்டோரும் இதற்கு எளிதில் ஆளாகின்றனர். நம் மலையிலேயே விளையும் காப்பியும், தேநீரும் அளவு மீறினால் பையைத் தூண்டிவிடும்.

நீரிழிவை மறக்கலாகாது. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் சிறுநீரும் மிகும். நாளடைவில் பையின் நரம்புகளும் கெடும். நரம்பு உணர்விழந்தால் உறுப்பு எவ்வாறு சிதைகிறது என்பதைத் தொழுநோயாளரிடம் கண்டு உலகிற்கு எடுத்துக்காட்டியவர், 1914-ல் இதே கொல்லிமலையில் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட். நீரிழிவு நோயாளரின் பாதங்களுக்கும் அவ்வுண்மையே பொருந்துமென அவர் பின்னாளில் போதித்தார். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வின்படி, நம் நாட்டில் வயது வந்தோருள் நூற்றுக்கு 11-க்கும் மேற்பட்டோர் நீரிழிவு உடையோர். சாமையும் தினையும் உண்டு மலையேறி இறங்கிய நம் முன்னோரின் வாழ்க்கை முறை மாறிவருவதை எண்ணிப்பாருங்கள்.

செய்யவேண்டியது யாது? முதலில் மருத்துவரிடம் கூசாது சொல்லி, சிறுநீரையும் சர்க்கரையையும் சோதித்துக்கொள்ளுங்கள். எரிச்சல், காய்ச்சல், இரத்தம் கலந்து வருதல், நீர் சொட்டுச்சொட்டாய் இறங்குதல் ஆகியவை வேறு நோய்க்கு அறிகுறியாகலாம், தாமதிக்கவேண்டாம். தண்ணீரை அறவே நிறுத்துவது தவறு. சிறுநீர் செறிந்து பையை மேலும் உறுத்தும், மலச்சிக்கலும் கூடும். பகலில் போதிய அளவு அருந்தி, படுக்கைக்குமுன் குறைத்துக்கொள்வதே நன்று.

அவசரம் தோன்றியதும் ஓடாமல், ஐந்து நிமிடம் பொறுத்துப் பழகி, அவ்விடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டலாம். சிறுநீரை இடையில் நிறுத்தும்போது இறுகும் அடித்தசைகளை, மற்ற வேளைகளில் இறுக்கித் தளர்த்தும் பயிற்சியும் பலனளிக்கும். இதன் பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும். இவை போதாவிடில் மருந்துகளும் உள்ளன.

குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. இருளில் கழிப்பறைக்கு விரையும் முதியோர் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதுண்டு. வழியில் ஒரு விளக்கு எரியட்டும். “சற்றுமுன்தானே போனீர்கள்?” என்று கடிந்துகொள்ளாதீர்கள்.

நாமும் மருத்துவரைக் கண்டோம், மாலைக் காப்பியை விட்டோம், இப்போது சுகமாயிருக்கிறோம். ஆலயத்தின் பக்கவாசலருகே நான்கு நாற்காலிகளை இட்டு, இடையில் எழுந்து செல்வோரை எவரும் திரும்பிப் பார்க்கவேண்டாமென அறிவித்தோம். சென்ற ஞாயிறு அம்மூதாட்டி அவற்றுள் ஒன்றில் அமர்ந்திருந்தார். இருமுறை வெளியே சென்றார். இருமுறையும் திரும்பி வந்தார்.